இருட்டில் குறைந்த ஃப்ரேம்கள்

பழைய கையடக்க வீடியோ கேமின் திரையைத் துடைக்கத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. மூக்குக்கண்ணாடி வாங்கும்போது கூடவே ஒரு சின்னத் துணி கொடுப்பார்களே, அது போதும். நான் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவன் என்பதால் அந்தத் துணிக்கு எனக்குப் பஞ்சமில்லை.

இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. "முதல்லேர்ந்து எழுது தம்பி, அவசரமில்ல" என்று சொல்லித்தான் இந்தத் தாள்களைக் கொடுத்தீர்கள். முதல் எது என்று யோசித்துப் பார்த்தேன். துடைப்பதுதான் முதல். திரையைத் துடைக்காமல் நான் ஒருநாளும் படம்பிடித்ததில்லை.

நீங்கள் இந்த உலகத்துக்குப் புதியவர் என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்துக் கையடக்கக் கருவிகளிலிருந்து படத்தை வெளியே எடுக்க வழி கிடையாது. பலர் அந்த விளையாட்டைக் கணினியில் ஓட்டிப் பதிவு செய்து இணையத்தில் போடுவார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. நிஜக் கருவியை மேசைமேல் ஒரு தாங்கியில் நிறுத்தி, என் தலைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் கேமராவை வைத்து, நிஜத் திரையையே படம்பிடிப்பேன். இதில் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, திரையின் கண்ணாடியில் பின்னால் இருக்கிற அறை தெரியும். அதற்காக நாற்காலிக்குப் பின்னால் கம்பி கட்டி ஒரு கருப்புத் துணியைத் தொங்கவிட்டிருப்பேன். இன்னொன்று ஃப்ரேம்.

வீடியோ என்பது அடுத்தடுத்து ஓடும் அசையாத படங்கள்தான். அந்த ஒற்றைப் படத்தை நாங்கள் ஃப்ரேம் என்கிறோம். அந்தக் கருவிகள் நொடிக்கு ஏறக்குறைய அறுபது ஃப்ரேம் காட்டும். இணையத்தில் கிடக்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை அதில் பாதியைத்தான் காட்டும். பாதி போனால் என்ன என்று கேட்கலாம். நான் விளையாடிய விளையாட்டில் பாதி போனால் பேய் போய்விடும்.

விளக்கு ஏந்திய ஒருவன் ஒரு பேய்ப்பெண்ணைப் பத்து வீடுகள் வழியாகக் கூட்டிச் செல்ல வேண்டும். அதுதான் விளையாட்டு. அவளை விட்டு அவன் ரொம்ப தூரம் போய்விட்டால் அவள் கரைந்துவிடுவாள். பேய் என்றால் அவளுக்குப் பின்னால் இருக்கும் சுவர் லேசாகத் தெரிய வேண்டும் அல்லவா? அந்தக் கருவிக்கு அவ்வளவு சக்தி இல்லை. அதனால் செய்தவர்கள் ஒரு தந்திரம் பண்ணினார்கள். ஒரு ஃப்ரேமில் அவளை வரைந்தார்கள், அடுத்த ஃப்ரேமில் விட்டுவிட்டார்கள். இருக்கிறாள், இல்லை, இருக்கிறாள், இல்லை. கண் இரண்டையும் கலந்து பேயாக்கிக்கொள்கிறது. பாதி ஃப்ரேமில் பதிவு செய்தால் அவள் இருக்கிற ஃப்ரேம்கள் மட்டும் மாட்டும், அல்லது இல்லாதவை மட்டும் மாட்டும். ஒன்று, சுவர் மாதிரி திண்ணென்று நிற்பாள். இல்லாவிட்டால் ஆளே இருக்க மாட்டாள். அப்படிப்பட்ட வீடியோக்களுக்குக் கீழே, "ப்ரோ, பேய் எங்க ப்ரோ?" என்று ஒருவர் கேட்பார். "பேய் லீவுல போயிருக்கு" என்று இன்னொருவர் பதில் போடுவார்.

என் வீடியோவில் பேய் பேயாகத் தெரியும். அதனால் எனக்குப் 'பேய்த்தம்பி' என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பட்டம் அது.

அக்காவுக்கு இது பெரிய வேடிக்கை. "ஊருல எல்லாரும் பேயை ஓட்டறதுக்கு அலையறாங்க. நீ ஒருத்தன்தான்டா பேய் சரியாத் தெரியலைன்னு ராப்பகலா அழற" என்பாள். அவள் என்னைவிட ஐந்து வயது மூத்தவள். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் இருந்தாள். நாங்கள் இருவரும்தான் அந்த வாடகை வீட்டில் இருந்தோம். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. மூச்சு முட்டும்போது இன்ஹேலரை வாயில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் சரியாகிவிடும். எங்கள் வீட்டில் அது ஒரு பெரிய விஷயமாக இருந்ததில்லை.

நான் ஹெட்ஃபோன் மாட்டியிருந்தால் யாரும் பேசக் கூடாது என்பது வீட்டு விதி. விதி போட்டது நான். அவள் அதைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினாள். பூனை மாதிரி வந்து, டீயை என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போவாள். இந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்லவே முடியாது.

இனி கணக்குப்பிள்ளை. நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் வட்டத்தில் யாராவது சாதனை என்று ஒரு வீடியோ போட்டால், அதை ஃப்ரேம் ஃப்ரேமாக எண்ணிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர் அவர். அவர் சரி என்று சொன்னால்தான் சரி. பத்து வீட்டையும் பேயைக் கரையவிடாமல் ஒரே மூச்சில் முடித்ததாக ஒருவன் வீடியோ போட்டான். பாதி ஃப்ரேம் வீடியோ. கணக்குப்பிள்ளை அதன் கீழே எழுதினார்: "பேயே இல்லாத வீடியோவுல பேயைக் காப்பாத்தினேன்னு சொன்னா நான் எப்படிப்பா நம்பறது?"

அதைப் படித்த நாள் முதல் எனக்கு ஒரே எண்ணம்தான். முழு ஃப்ரேமில், வெட்டாமல், கேமரா அசையாமல், பத்து வீடு. பல மாதம் முயன்றேன். ஒன்பதாவது வீடுவரை போய் இரண்டு முறை கெட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்காரப் போனபோது கருப்புத் துணியைக் காணவில்லை.

"அக்கா, என் துணி எங்க?"

"கொடியில."

"ஏன்க்கா?"

"அது துணியாடா? செத்த எலி நாத்தம். துவைச்சுப் போட்டிருக்கேன்."

"எனக்கு இப்பத்தான் வேணும்."

"காயட்டும்டா துரை. அதுவரைக்கும் உன் பேய் வெயில்ல நிக்கட்டும்."

நான் துணி காயும்வரை காத்திருந்தால் இந்தத் தாளுக்கே வேலை இருந்திருக்காது. காத்திருக்கவில்லை. விளையாட்டு ஓடும்போது திரை வெளிச்சமாக இருக்கும், பின்னால் இருப்பது அதில் தெரியாது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் அந்த அரை நொடி மட்டும் திரை முழுக்க இருளும். அந்த அரை நொடிக்குத்தான் துணி தேவை. அரை நொடியில் காலி அறை தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். அக்கா துணியைத் துவைத்ததால்தான் எல்லாம் வந்தது என்று சொல்ல வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், பிறகு எழுதினால் மறைத்தது போல ஆகும். முந்தைய நாள் சாயங்காலம் அக்கா புது இன்ஹேலர் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். பழையது தீரப் போகிறது என்றாள். மருந்துக் கடையில் வாங்கி வந்து மேசைமேல் வைத்தேன். "வாங்கிட்டியாடா?" என்று கேட்டபோது, "என் மேசை மேல இருக்கு, எடுத்துக்கோ" என்றேன். அவள் எடுக்க மறந்துவிட்டாள். கேமரா ஸ்டாண்டின் ஒரு கால் கொஞ்சம் குட்டை. எப்போதும் அட்டையை மடித்து அடியில் வைப்பேன். அன்று அந்த மருந்துப் பெட்டி அளவெடுத்தது போலப் பொருந்தியது. ஆட்டமே இல்லை. வைத்தபோது அது யாருடைய பெட்டி என்று நான் யோசிக்கவில்லை. இது உண்மை.

ஆரம்பித்தேன். நான்கு வீடுகள் தண்ணீர் பட்ட பாடாகப் போயின. பேய் என் பின்னாலேயே வந்தாள். அப்படி ஒரு கை எனக்கு அதற்கு முன்னும் வாய்த்ததில்லை, பின்னும் வாய்க்கவில்லை.

ஐந்தாவது வீடு முடிந்து திரை இருண்டபோது கண்ணாடியில் என் அறைக் கதவு திறந்திருந்தது. அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரை வெளிச்சமானது. அக்கா இல்லை, பேய் இருந்தாள். டீ வேண்டுமா என்று கேட்க வந்திருப்பாள் என்று நினைத்தேன்.

ஒரு வீட்டைக் கடக்கச் சில நிமிடங்கள் ஆகும். ஆறாவது முடிந்து இருண்டபோது அவள் உள்ளே இருந்தாள். ஒரு கை அலமாரியில், இன்னொரு கை நெஞ்சில். ஏழாவது முடிந்தபோது தரையில் முட்டிபோட்டிருந்தாள். தோடு ஏதாவது கழன்று விழுந்திருக்கும், தேடுகிறாள் என்று நினைத்தேன். இப்படி நினைத்தது இப்போது எழுதிப் பார்க்கும்போது அவ்வளவு பொருத்தமாக இல்லை. ஆனால் அப்போது நினைத்தது அதுதான்.

நான் சொல்ல வருவது இதுதான். அக்காவை நான் சரியான வேகத்தில் பார்க்கவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு ஃப்ரேம் பார்த்தேன். அவ்வளவு குறைந்த ஃப்ரேமில் எதையும் அசைவு என்று சொல்ல முடியாது. நிலையில் ஒருத்தி, அலமாரியில் ஒருத்தி, தரையில் ஒருத்தி. மூன்று படங்களைக் கோத்து 'மூச்சு முட்டுகிறது' என்று படிக்க, நடுவில் இருக்கிறவையும் வேண்டும். என்னிடம் நடுவில் இருந்தவை எல்லாம் விளையாட்டு. என் காதில் இருந்ததும் விளையாட்டின் சத்தம். இழுப்பு முற்றினால் அவளால் குரல் எழுப்பவும் முடியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

பத்தாவது வீடு முடிந்தது. பேய் தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். கேமராவை நிறுத்தினேன், ஹெட்ஃபோனைக் கழற்றினேன், திரும்பினேன். அதன்பிறகு செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். ஸ்டாண்டுக்கு அடியிலிருந்து பெட்டியை உருவி, பிரித்து, அவள் வாயில் வைத்து அழுத்தினேன். மருந்து உள்ளே போகவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். பக்கத்து வீட்டு அத்தை ஓடி வந்தார். "காதுல அதை மாட்டிக்கிட்டு உக்காந்தா பாவம் பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்று வந்தவர்களிடம் எல்லாம் அவரே சொன்னார். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீடியோவை ஏன் போட்டாய் என்று கேட்டீர்கள். வேலை முடிந்திருந்தது. முடிந்த வேலையை வைத்திருந்து என்ன செய்வது? எல்லோரும் போனபின் உட்கார்ந்து பார்த்தேன். விளையாட்டு அப்பழுக்கில்லாமல் இருந்தது. ஆனால் ஐந்தாவது வீட்டிலிருந்து ஒவ்வொரு இருட்டிலும் அக்கா இருந்தாள்.

நான் மாலை வகுப்பில் வீடியோ எடிட்டிங் படிக்கிறேன். எங்கள் வாத்தியார் சொல்வார்: "வெட்டினது தெரியக் கூடாது. வெட்டினவன் அதவிடத் தெரியக் கூடாது." அவள் தெரிகிற ஃப்ரேம்களை வெட்டி மீதியை ஒட்டினேன். ஃப்ரேமுக்குள்ளேயே ஒருவரை அழிப்பது எப்படி என்பது அடுத்த மாதப் பாடம். அது தெரிந்திருந்தால் வெட்டியிருக்க வேண்டாம். கடைசியில், 'அக்காவுக்கு' என்று போட்டு வெளியிட்டேன்.

நிறையப் பேர் பார்த்தார்கள். "பேய்த்தம்பி, மனசு கனத்துப் போச்சு" என்றார்கள். "அக்கா மேல இருந்து பாத்துட்டிருப்பாங்க ப்ரோ" என்று ஒருவர் எழுதினார். ஒருவர் மட்டும், "நடுநடுவே ஃப்ரேம் குதிக்குதே, என்ன பிரச்சனை?" என்று கேட்டார். கேமரா சூடாகி ஃப்ரேம் விட்டுவிட்டது என்று பதில் போட்டேன். எங்கள் உலகத்தில் இது தினமும் நடப்பது. மழை பெய்தது என்று சொல்வது போல. ஃப்ரேம் பிரச்சனை இல்லாத வீடியோ போடுகிறவன் என்று பேர் வாங்கிய நானே அப்படிச் சொன்னதும் எல்லோரும் நம்பினார்கள்.

கணக்குப்பிள்ளை எண்ணிப் பார்த்துவிட்டு எனக்குத் தனியாக எழுதினார். "தம்பி, சூட்டுல ஃப்ரேம் போறதுக்கு நேரம் காலம் கிடையாது. வெளிச்சத்துலயும் போகும், இருட்டுலயும் போகும். உன்னோடது மட்டும் இருட்டாப் பாத்துப் பாத்துப் போகுதே?"

அடுத்த நாள் ஒரு படம் அனுப்பினார். ஆறாவது வீட்டின் இருட்டில் நான் வெட்டாமல் விட்ட ஒரே ஒரு ஃப்ரேம். தவறிப்போய் விட்டேனா, விட்டுவைத்தேனா என்று எனக்கே தெரியவில்லை. எத்தனையோ முறை சரிபார்த்த பிறகுதான் வெளியிட்டேன். அவர் அதை வெளிச்சமாக்கியிருந்தார். அலமாரியைப் பிடித்தபடி அக்கா. முன்னால், ஹெட்ஃபோன் மாட்டிய என் முகம்.

"பின்னால நிக்கறது அக்காவா தம்பி?" என்று கேட்டிருந்தார். கொஞ்சம் கழித்து இன்னொரு வரி வந்தது. "நீ அவங்களைத்தானே பாத்துட்டிருக்க?"

அவர்தான் அதை ஸ்டேஷனுக்கு உங்களிடம் கொண்டு வந்தார் என்று அறிந்தேன். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் சரி என்று ஒரு வார்த்தை சொல்வதற்காகத்தான் அந்த வீடியோவை எடுத்தேன். அவர் அளவுக்கு அதை யாரும் கவனமாகப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு நான் நன்றாகத் தூங்கவில்லை. வெட்டிய வீடியோவைப் போட்டுப் பார்ப்பேன். சாதாரண வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு இருட்டிலும் அவள் இருக்கிறாள். நிறுத்தி, ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினால் இல்லை. மறுபடி ஓடவிட்டால் இருக்கிறாள். கடையில் லென்ஸ் தேய்க்கும்போதும் அப்படித்தான். கருப்புக் கண்ணாடிக்கான லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கீறல் பார்ப்போம். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பின்னால் இருக்கிற கதவு திறந்திருந்தது. முதலாளி, "என்னப்பா அடிக்கடி திரும்பிப் பாக்கற, கடன்காரன் வர்றானா?" என்று கிண்டல் செய்தார். போன் திரை அணைந்தால் எடுத்துக் கவிழ்த்துவிடுவேன். இந்த அறையில் கண்ணாடி எதுவும் இல்லாதது எனக்கு நிம்மதியாக இருக்கிறது. அதற்கு நன்றி.

நேற்று போகும்போது கதவருகில் நின்று ஒன்று கேட்டீர்கள். "அந்த விளையாட்டை நடுவுல நிறுத்தி வைக்க முடியாதா தம்பி?" யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. நான்தான் நேரம் எடுத்துக்கொண்டேன்.

நிறுத்த முடியும். அதற்கென்று ஒரு பட்டன் இருக்கிறது. நிறுத்தினால் சாதனை கெடாது, உள்ளே ஓடுகிற கடிகாரமும் சேர்ந்து நின்றுவிடும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்தி வைக்கலாம். நிறுத்தியிருக்கும்வரை திரை முழுக்கக் கருப்பாக இருக்கும்.

எட்டாவது வீட்டின் முடிவில் ஒருமுறை நிறுத்தினேன். உள்ளங்கை வேர்த்துப் பட்டன் வழுக்கியது. அந்த இடம் வீடியோவில் இல்லை. நிறுத்துவதற்கு முந்தைய ஃப்ரேமும் தொடர்ந்த பிறகு வரும் ஃப்ரேமும் அச்சு அசலாக ஒன்றே என்பதால், அந்த வெட்டை மட்டும் கணக்குப்பிள்ளையாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. என் வாத்தியார் பார்த்தால் மெச்சுவார்.

அரை நொடி அல்ல, நிதானமாகப் பார்த்தேன். அவள் என் நாற்காலி வரைக்கும் வந்துவிட்டிருந்தாள். கண்ணாடியில் அவள் என்னைப் பார்க்கவில்லை. ஸ்டாண்டுக்கு அடியில் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் நாற்காலியின் காலைப் பிடித்திருந்தாள். நாற்காலி ஆடினால் என் கை ஆடும், கை ஆடினால் மேசை ஆடும், படம் கெட்டுவிடும். சட்டையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டேன். குனிந்து, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், நாற்காலியிலிருந்து எடுத்துவிட்டேன். ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து நகர்த்தி, "கொஞ்சம் பொறுத்துக்கோ அக்கா, இன்னும் ரெண்டே வீடு" என்று சொல்லிவிட்டுப் பட்டனை அழுத்தினேன்.